அவள் யாருடைய உடைமையும் அல்ல!

(தாம்பரத்தில் பெற்றோர்களும் மாணவ மாணவியரும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்தக் கூட்டத்துக்கு ஜனங்களை அழைப்பதற்காகச் சென்ற வாரம் நாம் வீடு வீடாகப் போனோம். சேலையூரில் ஒரு வீட்டில் தாயார் ஒருவர் நோட்டீஸை வாங்கிப் படித்தார். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எங்க பொண்ணு அந்த மாதிரி இல்லீங்க. எங்களுக்கு இது வேண்டாம்" என்றார். நாமும் வணக்கம் சொல்லிவிட்டு நடந்தோம். தெருமுனைக்கு வந்தபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அந்த வீட்டுப் பெண்தான் ஓடிவந்தாள். "அக்கா, அந்த நோட்டீஸ் ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கினாள். நாலாக மடித்துக் காலேஜ் பைக்குள் வைத்துக்கொண்டாள். வேறு ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிப் போய்விட்டாள்.

அந்தத் தாயார் பொய் சொல்லவில்லை, தோழர்களே. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு என்ன கஷ்டம் என்று நமக்கும் தெரியாது. கஷ்டம் அவளுடையதாக இருக்கலாம். அவள் தோழியுடையதாகவும் இருக்கலாம். ஆனால் அந்த நோட்டீஸ் அவளுக்குத் தேவைப்பட்டது. தேவைப்பட்டதைத் தாயின் கண்முன்னே கைநீட்டி வாங்க அவளால் முடியவில்லை. வீட்டு வாசற்படிக்கும் தெருமுனைக்கும் நடுவே இருக்கிற அந்த நூறு அடி தூரத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

நாமெல்லாம் மின்சார ரயிலில் போய்வருகிறவர்கள். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்தது. 1949இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. வந்தது. 1984இல் தாம்பரத்தில் ஏற்றுமதி வளாகம் வந்தது. நம் பாட்டிமார் கோவிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டுமே வெளியே போனார்கள். நம் பெண்கள் பாடப் புத்தகத்தோடும் சாப்பாட்டு டப்பாவோடும் காலை வண்டியைப் பிடிக்கிறார்கள். இது சாதாரண மாற்றமா? எத்தனையோ தலைமுறை ஏங்கிக் கிடந்து அடைந்த மாற்றம் அல்லவா?

அதே ரயில் பாதையில் என்ன நடந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

2016 ஜூன் 24ஆம் தேதி காலை. வேலைக்குப் போவதற்காக நுங்கம்பாக்கம் நிலையத்தில் நின்ற ஒரு இளம் பெண் வெட்டிக் கொல்லப்பட்டாள். நடைமேடையில் ஜனங்கள் நின்றிருந்தார்கள். உடல் வெகுநேரம் அங்கேயே கிடந்தது. அந்த நிலையத்தில் அன்று கண்காணிப்புக் கேமரா கிடையாது.

2017 நவம்பரில் ஆதம்பாக்கத்தில் ஒருவன் ஒரு பெண்ணின் வீட்டுக்கே போய் அவளுக்குத் தீவைத்துக் கொன்றான். காப்பாற்ற வந்த தாயும் தங்கையும் தீயில் வெந்தார்கள்.

2021 செப்டம்பர் 23ஆம் தேதி. இதே தாம்பரத்தில், ரயில் நிலையத்துக்கு அருகே, பட்டப்பகலில் ஒரு கல்லூரி மாணவி கத்தியால் குத்திக் கொல்லப்பட்டாள். குத்தியவன் அவளோடு பழகியவன். அவள் விலகிப்போகிறாள் என்பதே அவனுக்குக் கோபம்.

2022 அக்டோபர் 13ஆம் தேதி. பரங்கிமலை நிலையத்தில் கல்லூரிக்குப் போக நின்ற இருபது வயது மாணவியை, ரயில் வரும் நேரம் பார்த்து ஒருவன் தண்டவாளத்தில் தள்ளினான். அந்தத் துயரத்தில் அவளுடைய தந்தையும் உயிரிழந்தார். 2024 டிசம்பரில் சென்னை மகளிர் நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனை விதித்தது. அவன் கொடுத்த தொல்லை பற்றி முன்னரே போலீசுக்குப் புகார் போயிருந்தது, கண்டித்து அனுப்பிவிட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதின.

இவர்களுடைய பெயர்களை நாம் சொல்லப்போவதில்லை. அந்தக் குடும்பங்கள் பட்டது போதும். ஆனால் அந்த ஊர்களின் பெயர்கள் நம் ஊர்களின் பெயர்கள். அந்த நிலையங்களில் நாளைக் காலையிலும் நம் பெண்கள் நிற்பார்கள்.

"யாரோ வெறி பிடித்தவன் செய்தான்" என்று சொல்லித் தள்ளிவிடலாமா? வெறி பிடித்தவன் கண்டவரையெல்லாம் தாக்குவான். இவர்கள் அப்படிச் செய்தார்களா? நேரம் பார்த்தார்கள். இடம் பார்த்தார்கள். ஒரே ஒரு பெண்ணைக் குறிவைத்தார்கள். "எனக்கு இல்லாதவள் யாருக்கும் இருக்கக்கூடாது" என்ற கணக்கு அவர்கள் மனத்தில் இருந்தது. இது காதலின் கணக்கா? வேலி தாண்டிய மாட்டைப் பற்றிப் பண்ணையார் போடுகிற கணக்கு. பெண்ணைச் சொத்தாகப் பார்க்கிற கணக்கு. குடும்பமும் தனிச்சொத்தும் எப்படிக் கைகோத்து வளர்ந்தன என்று 1884இலேயே எங்கெல்ஸ் எழுதிவைத்தார். அந்தப் பழைய சரக்கு செல்போன் காலத்திலும் செலாவணியாகிறது.

தோழர்களே, இந்தக் கணக்கு அந்தக் கொலைகாரர்களிடம் மட்டும்தான் இருக்கிறதா? பள்ளிக்கரணையைப் பாருங்கள். 2024 பிப்ரவரி 24ஆம் தேதி, சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு வாலிபன் அங்கே வெட்டிக் கொல்லப்பட்டான். பெண்ணின் அண்ணனும் கூட்டாளிகளும் கைதானார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் அந்தப் பெண்ணும் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். பரங்கிமலையில் ஒருவன் "அவள் எனக்குச் சொந்தம்" என்றான். பள்ளிக்கரணையில் "அவள் எங்கள் சாதிக்குச் சொந்தம்" என்றார்கள். வார்த்தை வேறு, கணக்கு ஒன்றே. அவள் தனக்குத்தானே சொந்தம் என்பதை இரு தரப்பாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் பெண் நிற்கிறாள். வெளியே ஒருவன் மிரட்டுகிறான். வீட்டில் சொன்னால் என்ன ஆகும்? "நீ ஏன் அவனோடு பேசினாய்?" என்ற கேள்வி முதலில் வரும். செல்போன் பறிபோகும். அடுத்து காலேஜ் நிற்கும். பிறகு அவசர அவசரமாக ஒரு மாப்பிள்ளை வருவான். இது அவளுக்குத் தெரியும். ஆகவே வாயை மூடிக்கொள்கிறாள். அவள் வாய் மூடியிருப்பதுதான் அந்த மிரட்டுகிறவனுக்குக் கிடைக்கிற பெரிய ஆயுதம். "வீட்டில் சொல்லிவிடுவேன்" என்று அவளல்லவா அவனை மிரட்ட வேண்டும்? இங்கே அவன் அவளை மிரட்டுகிறான்! இந்த ஆயுதத்தை அவன் கையில் கொடுத்தது யார்? நாம்தான்.

நாம் என்று சொல்லும்போது ஊரைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளவில்லை. சுயவிமர்சனமாகவே சொல்கிறோம். நம்முடைய தோழர் ஒருவர். மேடையில் பெண் விடுதலை பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர். அவருடைய மகள் பி.எஸ்ஸி. இரண்டாவது ஆண்டு. கூடப் படித்த ஒருவன் முதலில் அன்பாகப் பழகி, பிறகு அவள் போனைப் பிடுங்கிப் பார்த்து, ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் கன்னத்தில் அறைந்தான். அன்று இரவு அவள் அப்பாவிடம் சொன்னாள். அவர் கேட்ட முதல் கேள்வி, "அவனோடு உனக்கென்ன பேச்சு?" என்பதுதான். அவள் அப்புறம் ஐந்து மாதம் வாய் திறக்கவில்லை. அந்த ஐந்து மாதமும் அவன் தொல்லை நிற்கவில்லை. கடைசியில் பாட்டிதான் அவள் சாப்பிடாமல் இருப்பதைக் கவனித்து, பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாளாம். மூன்றாம் நாள் ராத்திரி எல்லாம் வெளியே வந்தது. புகார் கொடுத்தார்கள். தொல்லை நின்றது. ஆனால் ஒரு வருஷப் படிப்பு போய்விட்டது. "நான் மேடையில் பேசியது எல்லாம் அந்த ஒரு கேள்வியில் அடிபட்டுப்போச்சு" என்று அந்தத் தோழர் நம்மிடம் கண்கலங்கிச் சொன்னார். எழுத்தறியாத பாட்டிக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை, தோழர்களே!

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. காதலனோடோ கணவனோடோ வாழ்வைத் தொடங்கிய பதின்வயதுப் பெண்களில் 24 சதவீதம் பேர், 20 வயது ஆவதற்குள்ளேயே அந்தத் துணையிடம் அடியோ பாலியல் வன்முறையோ அனுபவித்துவிடுகிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2024இல் கணக்கிட்டது. ஏறத்தாழ ஒரு கோடியே தொண்ணூறு லட்சம் பெண்கள்! செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலேயே இந்தக் கொடுமை பற்றி ஜனங்களை எச்சரிக்க 2010 முதல் பிப்ரவரி மாதம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறார்கள். நம் நாட்டில் "எங்க பொண்ணு அந்த மாதிரி இல்லீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

இப்போது நம் மாணவிகளிடம் சில வார்த்தை.

தங்கைகளே! கத்தியும் தீயும் முதல் நாளில் வருவதில்லை. அதற்கு முன் வேறு பல வருகின்றன. அவை அன்பின் வேஷத்தில் வருகின்றன. "உன் பாஸ்வேர்டு குடு, நமக்குள் என்ன ரகசியம்?" என்பான். "எங்கே இருக்கே, போட்டோ எடுத்து அனுப்பு" என்பான். "அந்தத் தோழியோடு சேராதே, இந்த டிரஸ் போடாதே" என்பான். பத்து நிமிஷம் பதில் போடாவிட்டால் நாற்பது தடவை கூப்பிடுவான். "நீ போய்விட்டால் கையை அறுத்துக்கொள்வேன்" என்பான். ஒரு நாள் அறைவான். மறுநாள் காலில் விழுவான். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று ஒரு பழமொழியை நம் வீடுகளில் தொட்டில் காலத்திலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறோம். அந்தப் பழமொழியை இன்றோடு குப்பையில் போடுவோம். அணைக்கிற கைக்கு அடிக்க உரிமை இல்லை.

நல்ல சிநேகிதம் எது, நல்ல காதல் எது என்று கேட்கிறீர்களா? மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுப் பாருங்கள். அவனிடம் பயமில்லாமல் "மாட்டேன்" என்று சொல்ல முடிகிறதா? அவனைக் கேட்காமல் உன் தோழிகளோடும் உன் படிப்போடும் இருக்க முடிகிறதா? வேண்டாம் என்று தோன்றினால் விலகிப்போக முடிகிறதா? மூன்றுக்கும் "முடிகிறது" என்றால், அங்கே சமத்துவம் இருக்கிறது, அது வளரட்டும். ஒன்றுக்காவது "பயமாக இருக்கிறது" என்று பதில் வந்தால், ஒருவரிடமாவது இன்றே சொல்லிவிடுங்கள்.

விலகுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். தாம்பரத்துச் சம்பவம் நமக்குச் சொல்லும் பாடம் இதுவே. "கடைசியாக ஒரு தடவை நேரில் பேசணும்" என்று அவன் கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள். அவன் அனுப்பிய மிரட்டல்களை வெறுப்பில் அழித்துவிடாதீர்கள், அவை சாட்சியம். படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டினால் வெட்கப்பட வேண்டியவன் அவன். 1930 என்ற எண்ணில் இணையக் குற்றப் புகார் கொடுக்கலாம். பெண்களுக்கான உதவிக்கு 181, பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு 1098, உடனடி ஆபத்துக்கு 112, ரயிலில் 139. இந்த எண்களை மனப்பாடம் செய்யுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்து சீட்டுப் பெண்ணுக்குத் தேவைப்படும்.

இனி நம் வாலிப நண்பர்களிடம் பேசுவோம். உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நாம் வரவில்லை. நீங்களும் பயத்தோடு வாழ்கிறவர்கள்தான். படித்தும் வேலை நிச்சயமில்லை. கம்பெனிகளில் ஒப்பந்தக் கூலி. தங்கும் அறையில் ஆறு பேர். இந்த வாழ்க்கையில் ஒரு பெண்ணின் சிரிப்பு பெரிய ஆறுதலாக இருக்கும். அது போய்விட்டால் உலகமே போய்விட்டதாகத் தோன்றும். உண்மை. ஆனால் சினிமா உங்களுக்கு என்ன கற்றுக்கொடுக்கிறது? பின்னாலேயே போ, வழிமறி, திட்டினாலும் விடாதே, கடைசி ரீலில் அவள் சிரிப்பாள் என்கிறது. டிக்கெட் விற்கிற முதலாளிக்கு அதில் லாபம். நிஜத்தில் அந்தப் பெண் கடைசி ரீலில் சிரிப்பதில்லை. பயந்து பயந்து வழியை மாற்றிக்கொண்டு போகிறாள்.

"மாட்டேன்" என்ற சொல்லைக் கேட்டுத் தாங்குகிறவனே ஆண்மையுள்ளவன். அழுகை வந்தால் அழுங்கள். நண்பனிடம் சொல்லுங்கள். மனம் மிகவும் உடைந்தால் 104க்கோ 14416க்கோ கூப்பிடுங்கள். இதில் அவமானம் இல்லை. நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. "மச்சான், விடாதே, நாங்க இருக்கோம்" என்று ஏற்றிவிடுகிறவன் நண்பனா? "அவ வேண்டாம்னு சொல்லிட்டா, வாடா டீ குடிக்கப் போலாம்" என்று தோளில் கைபோட்டு அழைத்துப் போகிறவனே நண்பன். அந்த ஒரு டீ இரண்டு குடும்பங்களைக் காப்பாற்றும்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதுவும் சும்மா வந்துவிடவில்லை. 1998 ஜூலையில் சென்னையில் ஆட்டோவில் வந்த குடிகாரக் கும்பலின் அட்டூழியத்தில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்தாள். ஊர் கொதித்தது. அதே ஆண்டு கேலிவதைத் தடைச் சட்டம் வந்தது. 2012 டிசம்பரில் டெல்லி பஸ்ஸில் நடந்த கொடுமைக்கு எதிராக நாடே தெருவுக்கு வந்தது. 2013இல், விருப்பமில்லாத பெண்ணைப் பின்தொடர்வதே தனிக் குற்றமாயிற்று. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78ஆவது பிரிவு. இணையத்தில் அவளைக் கண்காணிப்பதும் அதற்குள் வரும். 2025 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் பெண்களுக்குத் தொல்லை கொடுப்பதைத் தடுக்கும் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டியது. "இது எங்கள் எல்லை இல்லை" என்று புகாரைத் திருப்பியனுப்பவும் இப்போது சட்டம் இடம் தரவில்லை. எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கியே தீரவேண்டும்.

ஆனால் பரங்கிமலை நமக்குச் சொல்வது என்ன? தூக்குக் கயிறு அந்த மாணவியைத் திருப்பித் தராது. கொலைக்குப் பிறகு வருகிற கடுமையைவிட, முதல் புகாருக்குக் கிடைக்கிற கவனமே உயிர் காக்கும். "மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டான், போங்க" என்று பஞ்சாயத்து பேசி அனுப்புவது போலீசின் வேலையா?

பெற்றோர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. சட்டத்தைக் கோபத்துக்கு ஆயுதமாக்காதீர்கள். பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் காக்க 2012இல் போக்சோ சட்டம் வந்தது. மனமொத்துப் பழகிய பிள்ளைகளைப் பிரிப்பதற்காக, சாதி பார்த்து, அந்தச் சட்டத்தில் வழக்குப் போடுகிறவர்களும் உண்டு. பதின்வயதினரின் மனமொத்த உறவைத் தண்டிப்பது அந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று 2021 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றமே ஒரு வழக்கில் சொல்லிற்று. அன்பாகப் பழகுகிறவனையும் அடிக்கிறவனையும் ஒரே தடியால் அடித்தால், நாளை நிஜமாகவே அடிபடும்போது உங்கள் மகள் உங்களிடம் வருவாளா?

ஆகவே என்ன செய்வது? தாம்பரம், பல்லாவரம், பம்மல், செம்பாக்கம் எல்லாம் சேர்ந்து 2021 நவம்பரில் ஒரே மாநகராட்சி ஆயின. 2022 ஜனவரி முதல் தாம்பரத்துக்குத் தனிப் போலீஸ் கமிஷனரேட்டும் இருக்கிறது. அவர்களிடம் நாம் கேட்க வேண்டியது உண்டு. ரயில் நிலையச் சுரங்கப் பாதைகளில் விளக்கு வேண்டும். காலையிலும் இரவு ஷிப்ட் விடும் நேரத்திலும் பெண் போலீசார் நடைமேடையில் நிற்க வேண்டும். ஒவ்வொரு புகாருக்கும் ரசீது தர வேண்டும். வாரம் ஒருமுறை அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் கல்லூரியிலும் மனம்விட்டுப் பேச ஓர் ஆலோசகர் வேண்டும். இவற்றைக் கேட்போம்; கிடைக்கும்வரை கேட்போம்.

சர்க்காரிடம் கேட்க மனு வேண்டும். நம் வீட்டில் மாற்ற மனு வேண்டாம். இன்று இரவே ஆரம்பிக்கலாம். சாப்பாட்டுத் தட்டின் முன் உட்காரும்போது மகளிடம் ஒரு வாக்குக் கொடுங்கள்: "உன்னை யாராவது மிரட்டினால் எங்களிடம் சொல்லு. நீ ஏன் பேசினாய் என்று கேட்க மாட்டோம். உன் காலேஜை நிறுத்த மாட்டோம்." மகனிடமும் சொல்லுங்கள்: "ஒருத்தி வேண்டாம் என்றால், அதோடு விட்டுவிடணும். அழுகை வந்தால் எங்க மடியில் வந்து அழு." இரண்டே வாக்கு. காசு செலவில்லை. ஆனால் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும், அதுதான் கஷ்டம்.

இன்று வாசலில் நோட்டீஸ் கட்டு வைத்திருக்கிறோம். தாய்மார்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துப் போங்கள். ஒளித்துவைக்க வேண்டாம். சமையலறையில், காலண்டருக்குப் பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டிவையுங்கள். நம் வீட்டுப் பெண்கள் அதற்காகத் தெருமுனை வரை ஓடிவரக்கூடாது.